நியூட்ரான் டிடெக்டர் சிமுலேஷன் ஒத்துவரலையா? எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துல இருந்து எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஹெச்டிக்கோ நியூட்ரான் டிடெக்டர் எடுத்திருக்கற பசங்க கொஞ்சம் பேர் இருக்காங்க. பகல்ல கிண்டி, கல்பாக்கம்னு ஓடிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து லேப்டாப்ல சிமுலேஷன் போடுவாங்க. கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, நம்பர் சரியா வரல." நான் திருப்பிக் கேக்கறது எத்தனை மடங்கு வரலன்னு. ரெண்டு மடங்கா, இருபது மடங்கா, சுத்தமா பூஜ்யமா? நியூட்ரான் வேலையில ஒவ்வொரு தப்புக்கும் அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு, ஐசோடோப் மாறினா ஒரு அளவு, டென்சிட்டி மாறினா வேற அளவு, சோர்ஸ் திசை தப்பினா இன்னொரு அளவு. அந்த அளவைத் தெரிஞ்சுக்காம ஃபிசிக்ஸ் லிஸ்ட்டை (எந்த மோதலுக்கு எந்த மாடல்னு சொல்ற பட்டியல்) மாத்தி மாத்திப் போட்டா வாரக்கணக்குல நேரம்தான் போகும். அதனால அறிகுறி வாரியா எழுதறேன். ஜியான்ட்4 வெச்சுதான் அதிகமா சொல்றேன், தேவையான இடத்துல எம்சிஎன்பியும் வரும், ரெண்டும் துகள் பொருளுக்குள்ள எப்படிப் போகுது, மோதுதுன்னு கணக்குப் போடற சாஃப்ட்வேர்.

"கவுண்ட்டே விழல"

ஹீலியம்-3 ட்யூப் (நியூட்ரானைப் பிடிக்கற கேஸ் நிரப்பின டிடெக்டர்) வரைஞ்சாச்சு, தெர்மல் நியூட்ரான் (அறை வெப்ப அளவுக்கு வேகம் குறைஞ்சது) விட்டாச்சு, லட்சம் ஈவென்ட் ஓடியும் கேஸ்ல எதுவும் டெபாசிட் ஆகலன்னா முதல்ல மெட்டீரியலைப் பிரிண்ட் எடுத்துப் பாருங்க. ஜியான்ட்4-ல ரெடிமேடா இருக்கற ஹீலியம் இயற்கை ஹீலியம், அதாவது கிட்டத்தட்ட முழுக்க ஹீலியம்-4. அது நியூட்ரானைப் பிடிக்கவே பிடிக்காது. ஹீலியம்-3-ஐ ஐசோடோப்பா நீங்களே டிஃபைன் பண்ணி, அதுல எலிமென்ட் செஞ்சு, அதுல மெட்டீரியல் செய்யணும். தெர்மல் எனர்ஜில ஹீலியம்-3-ஓட கிராஸ் செக்‌ஷன் 5,330 பார்ன் (பிடிபடற வாய்ப்போட அளவு, ஒரு பார்ன்னா 10^-24 சதுர சென்டிமீட்டர்), பிடிச்சா 764 கேஇவி வெளிய வரும், அதுல ப்ரோட்டானுக்கு 573, ட்ரைட்டானுக்கு 191. இவ்ளோ பெரிய கிராஸ் செக்‌ஷன் இருந்தும் ஒண்ணுமே நடக்கலன்னா அங்க ஹீலியம்-3 இல்லவே இல்லன்னு அர்த்தம்.

ஐசோடோப் சரியா இருக்குன்னா அடுத்து ஃபிசிக்ஸ் லிஸ்ட். எக்ஸாம்பிள்ல இருந்து காப்பி அடிச்சிருந்தா எஃப்டிஎஃப்பி பெர்ட்னு இருக்கும், அது ஹை எனர்ஜி ஆளுங்களுக்கு. நமக்கு 20 எம்இவிக்குக் கீழ டேட்டா லைப்ரரிய வெச்சு நடக்கற ஹெச்பி (ஹை ப்ரெசிஷன்) மாடல் வேணும், க்யூஜிஎஸ்பி பெர்ட் ஹெச்பி இல்லன்னா க்யூஜிஎஸ்பி பிக் ஹெச்பி போடுங்க. ஹெச்பி போட்டதும் ப்ரோகிராம் ஆரம்பத்துலயே கத்திட்டு நின்னுச்சுன்னா நியூட்ரான் டேட்டா ஃபோல்டரோட பாதை செட் ஆகல, இன்ஸ்டால் பண்ண இடத்துல இருக்கற என்விரான்மென்ட் ஸ்கிரிப்ட்டை அந்த டெர்மினல்ல சோர்ஸ் பண்ணிட்டு ஓட்டுங்க. புது டெர்மினல் திறந்தா மறுபடி பண்ணணும், இல்லன்னா பாஷ் ஃபைல்ல எழுதி வெச்சிடுங்க.

"வருது, ஆனா மூணு மடங்கு, அஞ்சு மடங்கு கம்மி"

இங்கதான் அளவு நல்லா பேசும்.

மூணு, மூணரை மடங்கு கம்மின்னா கேஸ் டென்சிட்டியப் பாருங்க. ஜியான்ட்4-ல மெட்டீரியல் செய்யும்போது ப்ரெஷர் 10 அட்மாஸ்ஃபியர்னு குடுத்தா டென்சிட்டி தானா ஏறிடும்னு பலபேர் நெனச்சுக்கறாங்க. ஏறாது. நீங்க குடுத்த டென்சிட்டிதான் டென்சிட்டி, ப்ரெஷர் பக்கத்துல எழுதி வெச்ச குறிப்பு மாதிரிதான் நிக்கும். 20 டிகிரியில ஹீலியம்-3 ஒரு அட்மாஸ்ஃபியருக்கு ஒரு சிசில 0.125 மில்லிகிராம், 10 அட்மாஸ்ஃபியர்னா 1.25. இதைக் கையாலயே செக் பண்ணலாம்: 10 அட்மாஸ்ஃபியர்ல ஒரு சிசிக்கு சுமார் 2.5 x 10^20 அணு, அதை 5,330 பார்னால பெருக்கினா ஒரு சென்டிமீட்டருக்கு 1.33. ரெண்டரை சென்டிமீட்டர் குறுக்களவு ட்யூபோட நடுவுல போற தெர்மல் நியூட்ரான்ல 96 சதவீதம் பிடிபடணும். ஒரு அட்மாஸ்ஃபியர் டென்சிட்டியே போட்டிருந்தா 28 சதவீதம்தான். உங்க சிமுலேஷன் 28 கிட்ட சொல்லுதுன்னா வேற எங்கயும் தேட வேணாம். இன்னொண்ணு, ஹீலியம்-4-க்கான டென்சிட்டியான 0.166-ஐ அப்படியே வெச்சுக்கிட்டு ஐசோடோப்பை மட்டும் மாத்தினவங்களும் உண்டு, அதுல அணு எண்ணிக்கை 33 சதவீதம் கூடிடும். இது சின்ன தப்பு மாதிரி இருக்கறதாலயே கண்ணுல படாம கடைசி வரைக்கும் தீசிஸ்ல தங்கிடும்.

அஞ்சு மடங்கு கம்மின்னா போரான். இயற்கை போரான்ல போரான்-10 வெறும் 19.9 சதவீதம், ட்யூப்லயோ கோட்டிங்லயோ போடறது என்ரிச் பண்ணது, அதாவது போரான்-10 பங்கைக் கூட்டினது. பதிமூணு மடங்குன்னா லித்தியம், இயற்கையில லித்தியம்-6 வெறும் 7.6 சதவீதம். ஆனா இந்த மடங்கு மெல்லிசான டிடெக்டருக்குத்தான் அப்படியே வரும், தடிமனான கண்ணாடி சிண்டில்லேட்டர்னா (துகள் பட்டா மின்னற பொருள்) வர்ற நியூட்ரான்ல பெரும்பகுதி எப்படியும் பிடிபடறதால வித்தியாசம் கம்மியா தெரியும்.

ஹெச்பி இல்லாத லிஸ்ட்டை வெச்சு மாடரேட்டரோட (நியூட்ரான் வேகத்தைக் குறைக்கற பொருள்) ஓட்டினவங்களுக்கு இன்னொரு குழி இருக்கு, இது எங்கயும் எர்ரர் காட்டாது. எஃப்டிஎஃப்பி பெர்ட் மாதிரி லிஸ்ட்ல 10 மைக்ரோசெகண்டுக்கு மேல உயிரோட இருக்கற நியூட்ரானைக் கொன்னுடற ஒரு டைம் கட் இருக்கு. தெர்மல் நியூட்ரான் வேகம் செகண்டுக்கு 2,200 மீட்டர், 10 மைக்ரோசெகண்ட்ல அது போற தூரம் 2.2 சென்டிமீட்டர்தான். பாலிஎத்திலீன்ல ஹைட்ரஜன்கிட்ட பிடிபடறதுக்கே சராசரியா 170 மைக்ரோசெகண்ட் ஆகும். அப்போ ட்யூபுக்குப் போய்ச் சேர வேண்டிய நியூட்ரான்ல பெரும்பாலானது வழியிலயே காணாமப் போகும். கேப்சர் நடந்த டைமை ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்க, 10 மைக்ரோசெகண்ட்ல கத்தியால வெட்டின மாதிரி நின்னுச்சுன்னா இதேதான்.

இதுக்கு நேர் எதிரான கேஸும் உண்டு, சிமுலேஷன் அதிகமா சொல்லும், லேப்ல அளந்தது கம்மியா இருக்கும். சோர்ஸ் கலிஃபோர்னியம்-252-ன்னா சர்டிஃபிகேட்ல இருக்கற தேதியப் பாருங்க. அரை ஆயுள் 2.645 வருஷம். அஞ்சு வருஷம் பழைய சோர்ஸ்ல 27 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். அமெரிசியம் பெரிலியம்னா இந்தப் பிரச்சனை கிடையாது, அமெரிசியத்துக்கு 432 வருஷம்.

"இருபது மடங்கு அதிகமா வருது"

கேட்டவுடனே நான் சோர்ஸ் கோடைத்தான் காட்டச் சொல்வேன். எல்லாத் திசைக்கும் சமமா நியூட்ரான் விடணும்னு தீட்டாவை பூஜ்யத்துல இருந்து பை வரைக்கும் சமமா எடுத்திருப்பீங்க. அது தப்பு, காஸ் தீட்டாவைத்தான் மைனஸ் ஒண்ணுல இருந்து ப்ளஸ் ஒண்ணு வரைக்கும் சமமா எடுக்கணும், ஃபையை மட்டும் பூஜ்யத்துல இருந்து ரெண்டு பை வரைக்கும் சமமா எடுக்கலாம். தீட்டாவை சமமா எடுத்தா துருவத்துல நியூட்ரான் குவியும், நம்ம டிடெக்டரோ பெரும்பாலும் இசட் ஆக்ஸிஸ்லதான் உக்காந்திருக்கும்.

கணக்கு போட்டே காட்டிடறேன். அஞ்சு இன்ச் குறுக்களவு, அதாவது ஆரம் 6.35 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் தூரம். சரியான பங்கு ஆரத்தோட வர்க்கத்தை தூரத்தோட வர்க்கத்தால வகுத்து, அதை நாலால வகுத்தா வரும்: 0.1 சதவீதம். தப்பான கோடுல டிடெக்டர் பிடிக்கற அரைக்கோணம் 3.6 டிகிரி, அதை 180-ஆல வகுத்தா 2 சதவீதம். இருபது மடங்கு. டிடெக்டரை இசட்ல இருந்து தூக்கி எக்ஸ் ஆக்ஸிஸ்ல வெச்சு அதே ரன்னை ஓட்டுங்க, நம்பர் மாறினா சந்தேகமே வேணாம். சரியான சோர்ஸுக்கு எக்ஸ் ஒய் இசட் எல்லாம் ஒண்ணுதான். வியாசர்பாடி தம்பி ஒருத்தன் இதை மாத்திப் போட்டுட்டு "இன்னாண்ணா, ரெண்டு லைன்தானா"ன்னு கேட்டான். ரெண்டு லைன்தான், ஆனா அந்த ரெண்டு லைன் தப்பா இருந்தா அதுக்கு மேல கட்டின எஃபிஷியன்சி கர்வ் எதையும் வெளிய காட்ட முடியாது.

எம்சிஎன்பில இதே மாதிரி பெரிய மடங்கு தப்பினா டென்சிட்டிக்கு முன்னாடி மைனஸ் இருக்கான்னு பாருங்க. மைனஸ் போட்டா கிராம் கணக்கு, போடலன்னா ஒரு பார்ன் சென்டிமீட்டருக்கு எத்தனை அணுன்னு எடுத்துக்கும். பாலிஎத்திலீனுக்கு மைனஸ் 0.94 எழுத வேண்டிய இடத்துல வெறும் 0.94 எழுதினா உண்மையானதை விட கிட்டத்தட்ட எட்டு மடங்கு அடர்த்தியான ப்ளாஸ்டிக் ஆயிடும். இன்னொரு விஷயம், எம்சிஎன்பி குடுக்கற நம்பர் ஒரு சோர்ஸ் நியூட்ரானுக்கான நம்பர், சோர்ஸோட வலிமையால பெருக்கினாதான் செகண்டுக்கு எத்தனைன்னு வரும்.

"மாடரேட்டர் வெச்சதும் ஒத்துவரல"

நம்ம பக்கம் கேரம் ஆடாத வீடு கம்மி, அதை வெச்சே சொல்லிடறேன்: காயின் மேல காயின் அடிச்சா அடிச்சது நின்னு வாங்கினது ஓடும், சட்டத்துல அடிச்சா அதே வேகத்துல திரும்பி வரும். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன்தான் சம எடை காயின். 2 எம்இவி நியூட்ரான் தெர்மல் ஆக ஹைட்ரஜன்ல சுமார் 18 மோதல் போதும், கார்பன்ல நூத்துக்கு மேல வேணும். அதான் பாலிஎத்திலீன்.

ஆனா எனர்ஜி 4 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழ இறங்கினதும் இந்தக் கதை மாறுது. அங்க ஹைட்ரஜன் தனி காயின் இல்ல, மூலக்கூறுல கட்டிப் போட்டது. நியூட்ரான் அந்தக் கட்டோட சேத்துதான் மோதும், அதிர்வுல இருந்து எனர்ஜிய வாங்கவும் செய்யும். இதுக்குத் தனியா தெர்மல் ஸ்கேட்டரிங் டேட்டா இருக்கு, அது சாதாரணமா ஆன் ஆகி இருக்காது. ஜியான்ட்4-ல ஹைட்ரஜன் எலிமென்ட்டுக்கு டிஎஸ் ஹெச் ஆஃப் பாலிஎத்திலீன்னு அதுக்குன்னு இருக்கற பேரை அப்படியே வெக்கணும், அதோட தெர்மல் ஸ்கேட்டரிங் ப்ராசஸையும் சேக்கணும். பேர் மட்டும் வெச்சுட்டு ப்ராசஸை விட்டாலும், ப்ராசஸ் சேத்துட்டு ஹைட்ரஜன்னு பேர் வெச்சாலும் எதுவும் மாறாது, எர்ரரும் வராது. தண்ணிக்கு தனிப் பேர், பாலிஎத்திலீனுக்கு தனிப் பேர். எம்சிஎன்பில இது எம்டி கார்டு. பத்து இருபது சதவீத அளவுல தப்பிட்டு, மாடரேட்டர் தடிமனை மாத்தினா தப்போட அளவும் மாறுதுன்னா இங்கதான் பாக்கணும்.

"பீக் வர வேண்டிய இடத்துல வரல"

ஹீலியம்-3-க்கு 764 கேஇவில ஒரே ஒரு கூர்மையான கோடு மட்டும் வந்தா சந்தோஷப்படாதீங்க. நிஜ ட்யூப்ல ப்ரோட்டானோ ட்ரைட்டானோ சுவத்துல மோதி மிச்ச எனர்ஜிய அங்கயே விட்டுடும், அதனால ஸ்பெக்ட்ரம்ல 191-லயும் 573-லயும் படிக்கட்டு மாதிரி தெரியணும். அது இல்லன்னா கேஸ்ல விழுந்த எனர்ஜிய எடுக்காம ரியாக்‌ஷன் நடந்ததை மட்டும் எண்ணி 764-ஐ நிரப்பறீங்கன்னு அர்த்தம்.

போரான்ல ரெண்டு பீக் வரணும், 2.31 எம்இவில பெருசு, 2.79-ல சின்னது. 94 சதவீத தடவை லித்தியம்-7 கிளர்ந்த நிலையில போய் 478 கேஇவி காமா விடும், அதான் பெரிய பீக். ஒரு ஈவென்ட்ல வந்த துகள்களோட எனர்ஜியக் கூட்டிப் பாத்துட்டு கணக்கு இடிக்குதேன்னு பதறாதீங்க. ஹெச்பி மாடல் டேட்டா லைப்ரரில இருந்து சராசரி சரியா வர்ற மாதிரி எடுக்கும், ஒவ்வொரு ஈவென்ட்லயும் எனர்ஜி பாதுகாக்கப்படும்னு அதுல உத்தரவாதம் கிடையாது. ஈவென்ட் ஈவென்ட்டா பாக்கற வேலைன்னா ஆல்ஃபாவையும் லித்தியத்தையும் நீங்களே நேரெதிர் திசையில விட்டு சிமுலேட் பண்றதுதான் நல்லது, நான் அப்படித்தான் சொல்லிக் குடுக்கறேன்.

2009 வாக்குல ஹீலியம்-3 தட்டுப்பாடு வந்ததுல இருந்து போரான் கோட்டிங் டிடெக்டர் எடுக்கறவங்க அதிகம், அவங்களுக்கு வர்ற அறிகுறி "லேயரைத் தடிமனாக்கினேன், எஃபிஷியன்சி குறையுது". அது பிழையே இல்ல. ஆல்ஃபா போரானுக்குள்ள மூணு நாலு மைக்ரான்தான் போகும், அதுக்கு மேல ஆழத்துல பிடிபட்ட நியூட்ரான் கேஸுக்கு சேதியே சொல்லாது. ஒரு லேயர்ல அஞ்சு சதவீதத்துக்குள்ளதான் கிடைக்கும், அதனாலதான் பல லேயர் அடுக்கறாங்க. ஒரே லேயர்ல ஐம்பது சதவீதம் காட்டுச்சுன்னா அதான் பிழை, கேப்சரை எண்ணிட்டு இருக்கீங்க.

"சிண்டில்லேட்டர் எஃபிஷியன்சி ரொம்ப நல்லா வருது"

இஜே-301, பிசி-501ஏ மாதிரி லிக்விட் சிண்டில்லேட்டர்ல நியூட்ரான் ப்ரோட்டானைத் தட்டும், ப்ரோட்டான் வெளிச்சம் குடுக்கும். பிரச்சனை என்னன்னா, ஒரே எனர்ஜிக்கு ப்ரோட்டான் குடுக்கற வெளிச்சம் எலக்ட்ரானை விட ரொம்பக் கம்மி. 1 எம்இவி ப்ரோட்டான், 0.2 எம்இவி எலக்ட்ரான் அளவுக்குத்தான் மின்னும். 5 எம்இவி ப்ரோட்டான் பாதிக்கும் கொஞ்சம் கம்மி. கார்பன் இன்னும் மோசம், ஒண்ணு ரெண்டு சதவீதம்தான்.

லேப்ல த்ரெஷோல்டை (இதுக்கு மேல வந்தாதான் கவுண்ட்னு வெக்கற எல்லை) சீசியம்-137 வெச்சு எலக்ட்ரான் அளவுல 0.2-ன்னு வெச்சிருப்பீங்க. சிமுலேஷன்ல எனர்ஜி டெபாசிட் 0.2 எம்இவி தாண்டினா கவுண்ட்னு எழுதியிருப்பீங்க. ரெண்டும் ஒரே 0.2 இல்ல. நிஜத்துல 1 எம்இவிக்குக் கீழ இருக்கற நியூட்ரான் எதுவும் அந்த த்ரெஷோல்டைத் தாண்டாது, சிமுலேஷன்ல 0.2 எம்இவிக்கு மேல இருக்கறதும் தாண்டிடும். கலிஃபோர்னியம் ஸ்பெக்ட்ரம்ல 1 எம்இவிக்குக் கீழ இருக்கறது மட்டுமே சுமார் 30 சதவீதம். அதனால ஒவ்வொரு ஸ்டெப்லயும் எந்தத் துகள் விட்ட எனர்ஜின்னு பாத்து, அந்தத் துகளுக்கான வெளிச்ச வளைவுல மாத்தி, அப்புறம் கூட்டி, அதுக்கு மேல ரெசல்யூஷன் (டிடெக்டரோட அளவு மங்கல்) பரப்பிட்டு, கடைசியா த்ரெஷோல்ட் போடுங்க. வரிசை மாறக்கூடாது. மொத்த எனர்ஜியக் கூட்டிட்டு ஒரே தடவை மாத்தினா, ரெண்டு ப்ரோட்டானைத் தட்டின நியூட்ரானுக்குத் தப்பா வரும், வளைவு நேர்கோடு இல்லையே.

கேலிப்ரேஷன்லயும் ஒண்ணு கவனிங்க. ப்ளாஸ்டிக், லிக்விட்ல சீசியம் 662 பீக்கைத் தேடாதீங்க, வராது, காம்ப்டன் எட்ஜ்தான் வரும், அதாவது காமா ஒரு மோதல்ல எலக்ட்ரானுக்குக் குடுக்கற அதிகபட்ச எனர்ஜி, அது 477 கேஇவி. அந்த எட்ஜும் மேட்டோட உச்சியில இருக்காது, ரெசல்யூஷன் பரவினதால சரிவுல எங்கயோ இருக்கும். அதுக்கு சரியான வழி, காமாவையும் சிமுலேட் பண்ணி, பரப்பி, அளந்த ஸ்பெக்ட்ரம் மேல வெச்சுப் பொருத்தறது.

த்ரெஷோல்ட் ரொம்பக் கீழ வெக்கற ஆளுங்க மட்டும் ப்ரொடக்‌ஷன் கட்டைப் பாருங்க. புதுத் துகளை உருவாக்கலாமா வேணாமான்னு ஜியான்ட்4 முடிவு பண்ற எல்லை அது. டிஃபால்ட்டா 0.7 மில்லிமீட்டர், ப்ரோட்டானுக்கு அது 70 கேஇவி, அதுக்குக் கீழ தட்டுப்பட்ட அணுக்கரு துகளா பிறக்கவே பிறக்காது. ப்ரோட்டான் கட்டை பூஜ்யம் ஆக்கிடுங்க.

"நியூட்ரானும் காமாவும் பிரியல"

இது சிமுலேஷன்ல சரி பண்ற விஷயம் இல்ல, ஸ்கோப்கிட்ட (ஆசிலோஸ்கோப்) போங்க. இஜே-301-ல வெளிச்சம் 3 நானோசெகண்ட், 32, 270-ன்னு மூணு வேகத்துல தணியும், நியூட்ரான் தட்டின ப்ரோட்டான்ல மெதுவான பகுதி கூடுதல். வால் கேட் (பல்ஸோட வால் பகுதிய அளக்கற நேர ஜன்னல்) ரொம்ப சீக்கிரம் முடிஞ்சா அந்த 270 கைக்கே வராது, குறைஞ்சது 300 நானோசெகண்ட் வரைக்கும் நீட்டிப் பாருங்க. பேஸ்லைன் ஆடுதான்னு பாருங்க. கவுண்ட் ரேட் அதிகமா இருந்தா ஒரு காமா வால்ல இன்னொரு காமா ஏறி நியூட்ரான் பட்டையில போய் உக்காரும், சோர்ஸைத் தள்ளி வெச்சா அது குறையும். கேட் எல்லாம் சரி, முன்னாடி பிரிஞ்சது இப்போ பிரியலன்னா செல்லுக்குள்ள காத்து புகுந்திருக்கலாம். ஆக்சிஜன் மெதுவான பகுதியத்தான் முதல்ல தின்னும். நைட்ரஜன் விட்டு சீல் பண்ணணும், அதை அனுபவம் உள்ளவங்க கையில குடுங்க, அந்த லிக்விட் தீப்பிடிக்கறது.

"டைம் ஆஃப் ஃபிளைட்ல எனர்ஜி தள்ளி நிக்குது"

நியூட்ரான் வந்து சேர ஆன நேரத்தை வெச்சு எனர்ஜி கணக்குப் போடறதுதான் டைம் ஆஃப் ஃபிளைட். 1 எம்இவி நியூட்ரானுக்கு ஒரு மீட்டர் போக 72 நானோசெகண்ட், 10 எம்இவிக்கு 23, காமாவுக்கு 3.3. டைம் பூஜ்யம் (கிளம்பின நேரம்) 3 நானோசெகண்ட் தப்பினா 1 எம்இவில எனர்ஜி 8 சதவீதம்தான் தப்பும், 10 எம்இவில கால்வாசிக்கு மேல தப்பும். அதனால எனர்ஜி ஏற ஏற தப்பு ஏறினா டைம் பூஜ்யம், எல்லா எனர்ஜிலயும் ஒரே சதவீதம் தப்பினா தூரம். தூரத்தை டிடெக்டரோட முகப்புல இருந்து அளந்தீங்களா நடுவுல இருந்தா? அஞ்சு சென்டிமீட்டர் தடிமன்னா ஒரு மீட்டருக்கு அதுவே எனர்ஜில பெரிய அகலம். டெல்லி ஐயுஏசி ஆக்ஸிலரேட்டர் மையத்துல இருக்கற நியூட்ரான் அரேல 100 லிக்விட் சிண்டில்லேட்டரை 175 சென்டிமீட்டர் தள்ளி வெச்சிருக்காங்க. தூரத்தைக் கூட்டினா எனர்ஜி துல்லியம் ஏறும், ஒவ்வொரு டிடெக்டரும் பிடிக்கற பங்கு குறையும், அந்தக் குறையை எண்ணிக்கையால நிரப்பறாங்க.

"சோர்ஸைத் தள்ளி வெச்சா அளந்தது அதிகம், சிமுலேஷன் கம்மி"

கிட்ட வெச்சா ஒத்துப்போகுது, தள்ள தள்ள அளந்தது ஏறிட்டே போகுதுன்னா அறையைத்தான் நீங்க சிமுலேஷன்ல வரையல. நியூட்ரான் சுவத்துல, தரையில, மேசையில, பக்கத்துல நிக்கற உங்க உடம்புல பட்டுத் திரும்பி வரும். நம்ம பக்கத்துக் காலேஜ் லேப் பெரும்பாலும் சின்ன அறை, ஓரத்துல பீரோ, தண்ணி கேன், பேட்டரி எல்லாம் இருக்கும். தண்ணி கேன் ஒண்ணே போதும் மாடரேட்டர் வேலை பாக்க.

செக் பண்ற முறை சுலபம். கவுண்ட்டை தூரத்தோட வர்க்கத்தால பெருக்குங்க, அறை இல்லன்னா அது மாறாம இருக்கணும். அதை தூர வர்க்கத்துக்கு எதிரா க்ராஃப் போட்டா நேர்கோடா ஏறும், கோடு பூஜ்யத்துல வெட்டற இடம்தான் சோர்ஸ்ல இருந்து நேரா வந்த பங்கு, சரிவு அறையோட பங்கு. இன்னும் நல்லா வேணும்னா இரும்பும் பாலிஎத்திலீனும் சேத்த ஷேடோ கோனை (நேரா வர்ற நியூட்ரானைத் தடுக்கற கூம்பு) நடுவுல வெச்சு ஒரு தடவை, எடுத்துட்டு ஒரு தடவை அளந்து கழிங்க. சிமுலேஷன்ல கான்கிரீட்டை வரையும்போது அதுல இருக்கற தண்ணிய விட்டுடாதீங்க, திரும்பி வர்றதுல ஹைட்ரஜனோட பங்கு பெருசு. இந்த அளவெடுப்பு எல்லாம் ரேடியேஷன் சேஃப்டி ஆபீசர் கூட இருக்கும்போது, பேட்ஜ் போட்டுக்கிட்டு மட்டும்.

"மழை வந்தா கவுண்ட் ஏறுது"

ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோரம் இருக்கற கட்டடத்துல நவம்பர், டிசம்பர் வந்தா இது நிச்சயம். சோர்ஸை எடுத்துட்டாலும் ஹீலியம்-3 ட்யூப் கவுண்ட் குடுத்துட்டே இருக்கும், திடீர்னு கொத்தா வரும், அப்புறம் அமைதியாகும். ட்யூப் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல ஓடுது, உப்புக் காத்து கனெக்டர்ல படிஞ்சா ஈரத்தோட சேந்து மேற்பரப்பு வழியா கரண்ட் கசியும். ஸ்கோப்ல பாத்தா தெரியும்: நிஜ நியூட்ரான் பல்ஸ் சீரா ஏறி நீளமா வால் விட்டு இறங்கும், கசிவுல வர்றது ஊசி மாதிரி குத்தி மேலயும் கீழயும் துடிக்கும்.

ஹெச்வியை (ஹை வோல்டேஜை) மெதுவா பூஜ்யத்துக்கு இறக்கி, ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் கனெக்டரைக் கழட்டுங்க. உள்ள வெள்ளையா இருக்கற டெஃப்லான் மேல லைட்டை சாச்சு அடிச்சுப் பாருங்க, லேசா புகை படிஞ்ச மாதிரி ஒரு படலம் மினுங்கும், சில சமயம் பித்தளை ஓரத்துல பச்சை புடிச்சிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சு நுழையாத துணியால துடைச்சு, முழுசா காஞ்சதும் மாட்டுங்க. விரலால தொடாதீங்க, வியர்வையும் உப்புதான். ப்ரீஆம்ப்ளிஃபையர் டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு நிறம் மாறினா மாத்துங்க. இதைப் பண்ணாம த்ரெஷோல்டை ஏத்தி மறைச்சா கசிவு குறையாது, நியூட்ரானும் சேந்து போகும், அப்புறம் சிமுலேஷனோட எஃபிஷியன்சி ஏன் ஒத்துவரலன்னு மறுபடி தேடணும்.

"நாலு ஜாப் போட்டேன், நாலும் ஒரே நம்பர்"

ரேண்டம் சீட் (ரேண்டம் எண் வரிசைய ஆரம்பிக்கற எண்) நாலுலயும் ஒண்ணு. நீங்க நாலு லட்சம் ஈவென்ட் ஓட்டல, ஒரே லட்சத்தை நாலு தடவை ஓட்டியிருக்கீங்க, பிழை பாதியா குறைஞ்சதுன்னு எழுதினா அது பொய்க் கணக்கு. ஜாப் எண்ணையே சீடா குடுத்து, அந்த சீடை அவுட்புட் ஃபைல் பேர்லயும் எழுதுங்க. மல்ட்டி த்ரெட்ல ஓட்டி ஈவென்ட் குறையுதுன்னா ஒவ்வொரு த்ரெட்டும் தனி ஃபைல் எழுதியிருக்கும், ஃபோல்டரைப் பாத்துட்டு சேருங்க.

கரண்ட் போற ராத்திரிக்கும் இதே ஏற்பாடுதான். கோடி ஈவென்ட்டை ஒரே ரன்னா போடாதீங்க, பத்து லட்சம் பத்து லட்சமா வேற வேற சீட்ல வரிசையா ஸ்கிரிப்ட்ல விடுங்க, ஒவ்வொரு ரன்னும் முடிஞ்சதும் ஃபைல் மூடணும். நடுவுல நின்னா கடைசியா பாதியில நின்ன ஃபைலை மட்டும் அழிச்சுட்டு அந்த சீட்ல இருந்து மறுபடி ஆரம்பிங்க.